எஃப்5 தள்ளியதால் வெற்றி நழுவியதா? ஒரு ராஜா–சிப்பாய் இறுதியாட்டம் குறித்த ஐயம்

ஏரிக்கரை64 (அல்சூர், பெங்களூரு)

அனைவருக்கும் வணக்கம். அண்மையில் ஜெயநகர்ப் பக்கம் ஒரு பள்ளி அரங்கில் நடந்த தரவரிசைச் சதுரங்கப் போட்டியில் நான் ஆடிய ஓர் ஆட்டத்தின் இறுதிக்கட்டத்தை இங்கே வைக்கிறேன். ஆடிய இருவருமே 1600 புள்ளிகளை ஒட்டி நிற்பவர்கள். ஆளுக்கு 90 நிமிடம், நகர்த்தலுக்கு 30 விநாடி கூடுதல் என்பது நேரக் கணக்கு. எனக்குக் கருப்புக் காய்கள். எதிரில் அமர்ந்தவர் கோலார் தங்கவயலில் வளர்ந்த தமிழர், நிதானமாக ஆடுபவர். காரோ–கான் தொடக்கத்தில் ராணிகள் விரைவில் வெட்டுப்பட்டன, நடுவாட்டத்தில் அவர் ஒரு சிப்பாயை வென்றார், பிறகு யானை இறுதியாட்டம் வந்தது. அதுவரை நடந்ததில் கேட்பதற்கு ஒன்றுமில்லை.

46-ஆவது நகர்த்தலில் அவர் யானையை டி3-க்குக் கொண்டுவந்தபோது பலகையில் இருந்த நிலை இது.

வெள்ளை: ராஜா இ3, யானை டி3, சிப்பாய்கள் ஏ4, எஃப்4.
கருப்பு: ராஜா இ7, யானை ஏ6, சிப்பாய் ஏ5.

அடுத்து அவருடைய யானை டி5-க்கு வந்தால், என் யானை ஏ5 சிப்பாயைக் காத்துக்கொண்டு மூலையிலேயே முடங்கிவிடும் என்று எனக்குத் தோன்றியது. ஆகவே 46... யா டி6 என்று யானைக்கு யானை வெட்டிக்கொள்ள அழைத்தேன் (யா யானை, ரா ராஜா, × வெட்டு, + செக்; எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி இருந்தால் அது கருப்பின் நகர்த்தல்). அவர் உடனே ஒப்புக்கொண்டார். பின்னர் நடந்தது: 47. யா×டி6 ரா×டி6 48. ரா இ4 ரா இ6 49. எஃப்5+ ரா எஃப்6 50. ரா டி5 ரா×எஃப்5 51. ரா சி5 ரா இ6 52. ரா பி5 ரா டி7 53. ரா×ஏ5 ரா சி7 54. ரா ஏ6 ரா பி8 55. ஏ5 ரா ஏ8. இதற்குமேல் வெள்ளை என்ன செய்தாலும் என் ராஜாவை மூலையிலிருந்து கிளப்ப முடியாது. சிப்பாயை ஏ7 வரை தள்ளினால், செக் இல்லாமலேயே எனக்கு நகர்த்த வழியின்றி ஸ்டேல்மேட் ஆகும். டிரா என்று கைகுலுக்கினோம்.

ஆட்டம் முடிந்ததும் அருகிலிருந்த தர்ஷினியில், நின்றபடி சாப்பிடும் மேசையில் காபிக் குவளைகளை ஒதுக்கிவிட்டு, சிறிய காந்தப் பலகையில் அந்த நிலையைத் திரும்ப வைத்துப் பார்த்தோம். 49. எஃப்5+ இயல்பான நகர்த்தல் என்பது அவருடைய கருத்து: சிப்பாய் ஒரு படி முன்னேறுகிறது, செக்கும் ஆகிறது, என் ராஜா நடுக்கட்டத்தை விட்டு விலகியாக வேண்டும். அப்போது அதே போட்டியில் ஆட வந்திருந்த ஒரு பள்ளி மாணவி எட்டிப் பார்த்து, டி4 கட்டத்தில் விரலை வைத்து, “இங்கே ராஜா வந்திருந்தால் வெள்ளை ஜெயித்திருக்கும்” என்று சொல்லிவிட்டு அடுத்த சுற்றுக்குப் போய்விட்டாள். வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தேன். ஸ்டாக்ஃபிஷ் என்ற சதுரங்க நிரலும் அதையே சொல்கிறது. ஆனால் காரணத்தைச் சொல்வதில்லை.

எனக்குப் புரியாத இடம் இதுதான். 49. ரா டி4 ஆடினாலும் நான் எஃப் சிப்பாயைத்தான் உண்ணப் போகிறேன், அவர் ஏ5 சிப்பாயைத்தான் உண்ணப் போகிறார், கடைசியில் அதே ஏ4 சிப்பாய்தான் மிஞ்சப் போகிறது. அவ்வாறிருக்க, ஒரு வழி டிராவாகவும் மற்றொன்று வெற்றியாகவும் முடிவது எவ்வாறு? டி4-க்குப் போகும் ராஜா முன்னேறவும் இல்லையே, பக்கவாட்டில்தானே நகர்கிறது? கூடவே இன்னொன்று: யானைகளை வெட்டிக்கொள்ள நான் அழைத்தது சரியா? பலகை முன் ஓரிரு நிமிடங்களே மிஞ்சியிருக்கும்போது இத்தகைய முடிவை எதை வைத்து எடுப்பது? அறிந்தவர்கள் விளக்கினால் என் எதிராளிக்கும் அனுப்பி வைப்பேன்.

பழைய மந்திரி (மல்லேஸ்வரம்)

நல்ல நிலை, நன்றாகவும் கேட்டிருக்கிறீர்கள். முதலில் இரண்டு வழிகளையும் ஒரே நகர்த்தல் எண்ணில் நிறுத்திப் பாருங்கள். நீங்கள் “அதே முடிவு” என்று நினைக்கும் இரண்டும் ஒன்றல்ல என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

உங்கள் ஆட்டத்தில் 50-ஆவது நகர்த்தல் முடிந்தபோது கருப்பு ராஜா எஃப்5-இல் சிப்பாயை வெட்டி நிற்கிறது. வெள்ளை ராஜா டி5-இல் நிற்கிறது. மாணவி சொன்ன வழியை இப்போது ஆடிப் பாருங்கள்: 49. ரா டி4 ரா எஃப்5 50. ரா சி5 ரா×எஃப்4. இங்கும் 50-ஆவது நகர்த்தலில்தான் சிப்பாய் விழுகிறது. ஆனால் வெள்ளை ராஜா நிற்கும் கட்டம் சி5. கருப்பு ராஜா நிற்கும் கட்டம் எஃப்4. அதாவது வெள்ளை ராஜா ஏ5-ஐ நோக்கி ஒரு கட்டம் கூடுதலாக வந்துவிட்டது, கருப்பு ராஜாவோ தன் வீட்டிலிருந்து ஒரு வரிசை கூடுதலாக இறங்கிப் போய்விட்டது. சிப்பாயை எஃப்5-க்குத் தள்ளிய அந்த ஒரு நகர்த்தல், வெள்ளை ராஜா நடந்திருக்க வேண்டிய ஒரு நகர்த்தல். அத்தோடு, நீங்கள் எஃப்4 வரை இறங்கி எடுக்க வேண்டியிருந்த சிப்பாயை உங்கள் பக்கமாக ஒரு படி கொண்டுவந்து கொடுத்த நகர்த்தலும் அதுவே. ஒரே நகர்த்தலில் இரண்டு இழப்புகள்.

இங்கே எஃப் சிப்பாய் தூண்டிலில் கோத்த இரை. அது ராணியாகப் போவதில்லை; உங்கள் ராஜாவை ஏ வரிசையிலிருந்து எவ்வளவு தூரம் இழுத்துப் போகிறது என்பதில்தான் அதன் பயன் முழுவதும் இருக்கிறது. ஆகவே அது பின்தங்கி நிற்க நிற்க வெள்ளைக்கு நல்லது. “கடந்துபோன சிப்பாயை (எதிரிச் சிப்பாய் எதுவும் தடுக்க முடியாத சிப்பாயை)த் தள்ளு” என்று நமக்கெல்லாம் முதல் பாடமாகச் சொல்லிக் கொடுத்ததை இங்கே நிறுத்திவைக்க வேண்டும்.

மீதியைத் தொடர்வோம். 51. ரா பி5 ரா இ5 52. ரா×ஏ5 ரா டி6 53. ரா பி6 ரா டி7 54. ரா பி7. இனிக் கருப்பு ராஜாவால் சிப்பாயின் பாதைக்குள் நுழைய முடியாது. ஏ4 சிப்பாய் தடையின்றி எட்டாம் வரிசைக்குப் போகும். ஏ வரிசைச் சிப்பாயை வைத்து வெல்ல வெள்ளை ராஜாவுக்கு வேண்டியது பி7 அல்லது பி8 கட்டம். அதைத் தடுக்கக் கருப்பு ராஜாவுக்கு வேண்டியது ஏ8 மூலை. அதுவும் இல்லையென்றால், எதிரி ராஜாவை ஏ வரிசையிலேயே அடைத்து வைக்கும்படி சி7, சி8 கட்டங்கள். போராட்டம் இந்தச் சில கட்டங்களுக்காகத்தான்.

பலகை முன் எண்ண வேண்டியதும் ஒன்றே ஒன்றுதான்: வெள்ளை ஏ5-இல் வெட்டிய அந்த நொடியில், நகர்த்தும் முறை கருப்புடையதாக இருக்கையில், கருப்பு ராஜா எங்கே நிற்கிறது? உங்கள் ஆட்டத்தில் டி7-இல் நின்றது, வசதியாக டிரா. இ6-இல் நின்றிருந்தாலும் டிராதான்: ரா டி7, ரா பி6 ரா சி8 என்று வந்து சேர்ந்துவிடலாம், அதன்பின் வெள்ளை ராஜா ஏ7-க்கு நுழைந்தால் நீங்கள் சி7-க்கும் சி8-க்கும் மாறி மாறிப் போய் அதை அங்கேயே அடைத்துவிடலாம். ஆனால் இ5-இல் நின்றால் தோல்வி. டி6-க்கு வருவதற்குள் வெள்ளை ராஜா பி6-க்கு ஏறி, அடுத்து பி7-ஐப் பிடித்துவிடும். இ6-க்கும் இ5-க்கும் இடையில் இருப்பது ஒரே ஒரு வரிசை. அரைப் புள்ளி அந்த வரிசையில் இருக்கிறது.

டி4-க்குப் போவது பக்கவாட்டு நகர்வு என்கிறீர்கள். ராஜாவின் நடையை எண்ணிப் பாருங்கள். இ4-இலிருந்து டி5, சி5, பி5, ஏ5 என்றால் நான்கு நகர்த்தல்கள். டி4, சி5, பி5, ஏ5 என்றாலும் அதே நான்கு. கண்ணுக்கு டி4 பின்தங்கியதாகத் தெரியும், கணக்குக்கு அப்படி இல்லை. ராஜா மூலைவிட்டமாக நடந்தாலும் நேராக நடந்தாலும் எண்ணிக்கை மாறாமல் இருக்கும் இந்த இயல்பை வைத்துத்தான் சதுரங்க வீரர் ரிச்சர்ட் ரெட்டி 1921-இல் தன் புகழ்பெற்ற புதிரை அமைத்தார்; அதில் ஒரே ராஜா இரண்டு வேலைகளை நோக்கி ஒரே நேரத்தில் நடந்து டிரா செய்கிறது. 49-ஆவது நகர்த்தலில் உங்கள் ராஜா இ6-இல் நின்று டி5-ஐக் காத்துக்கொண்டிருந்தது. ஆகவே வெள்ளைக்குத் திறந்திருந்த வழி டி4 வழியே. நீளம் அதே நீளம்.

கணக்கன் (விமானபுரா)

மேலே ஐயா எழுதியதை முழுதும் ஏற்கிறேன். ஆனால் 49. ரா டி4-க்குப் பிறகு கருப்பு எஃப்5-க்கு ஓடித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. 49... ரா டி6 என்று வெள்ளை ராஜாவுக்கு நேர் எதிரே நின்று வழி மறிக்கலாம். என்னைக் கேட்டால் இந்த நிலையின் மிக அழகான பகுதி அங்கேதான் இருக்கிறது.

அப்போது சரியான பதில் 50. எஃப்5! ஆம், 49-இல் வெற்றியைக் கெடுத்த அதே தள்ளல் 50-இல் வெற்றி தருகிறது. வேறுபாடு என்னவென்றால், இப்போது இரண்டு ராஜாக்களும் டி4, டி6 என்று நேருக்கு நேர் நிற்கின்றன, நகர்த்த வேண்டிய கட்டாயம் கருப்புக்கு. ஏ வரிசைச் சிப்பாய்கள் பூட்டிக் கிடப்பதால் சும்மா தள்ள அதற்கு ஒரு சிப்பாய் கூட இல்லை. ராஜாவைத்தான் அசைக்க வேண்டும். 50... ரா இ7 என்றால் 51. ரா சி5 ரா எஃப்6 52. ரா பி5 ரா×எஃப்5 53. ரா×ஏ5 ரா இ6 54. ரா பி6 ரா டி7 55. ரா பி7. கருப்பு ராஜா இ6-க்கு வந்துவிட்டதே என்று எண்ண வேண்டாம். வந்து சேர்வதற்குள் முறை வெள்ளைக்குப் போய்விட்டது, ஆகவே ஒரு நகர்த்தல் போதவில்லை. 50... ரா சி6 என்று ஏ பக்கத்தைக் காத்தால் 51. ரா இ5 ரா டி7 52. ரா எஃப்6 ரா இ8 53. ரா ஜி7, இனி எஃப் சிப்பாயே ராணியாகும். 53-இல் மட்டும் கவனம் வேண்டும்: ஜி7-க்குப் போகாமல் இ6-க்குத் திரும்பிச் சிப்பாயை நேரே தள்ளினால், கடைசியில் கருப்பு ராஜா எஃப்8-இல் ஸ்டேல்மேட்டுக்கு ஒதுங்கிவிடும்.

இதிலிருந்து உங்களுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. ஆட்டத்தில் 49. எஃப்5+ வந்தபோது நீங்கள் எஃப்6-க்குப் போனீர்கள். டி6-க்குப் போயிருந்தால் 50. ரா டி4 என்று ஆடி, நான் மேலே காட்டிய அதே வெற்றி நிலைக்கு வெள்ளை வந்திருக்கும். ஏ5-ஐக் காக்க வேண்டும் என்ற பதற்றத்தில் பலரும் டி6-க்குத்தான் போவார்கள். நீங்கள் சிப்பாயை நோக்கிப் போனது சரியான முடிவு. டிராவை அந்த நகர்த்தல்தான் ஈட்டித் தந்தது.

யானை வெட்டு பற்றிய கேள்விக்கு என் விடை கொஞ்சம் கடுமையாக இருக்கும். 46... யா டி6 அந்த இடத்திலேயே ஆட்டத்தைத் தோற்ற நகர்த்தல். 47. யா×டி6 ரா×டி6-க்குப் பிறகு சரியாக ஆடினால் வெள்ளைக்கு வெற்றி உறுதி என்பதை மேலே பார்த்துவிட்டோம். யானைகள் பலகையில் இருக்கும்வரை, ஒரு சிப்பாய் குறைவாக இருந்தாலும் உங்களுக்குச் செக் கொடுக்கவும், பின்னால் போய்த் தொல்லை தரவும், ராஜாவை வரிசையில் தடுக்கவும் வாய்ப்பு இருந்தது. வேண்டுமானால் ஏ5-ஐ விட்டுக்கொடுத்தாவது யானையை வெளியே கொண்டுவந்திருக்கலாம். செயலற்ற யானை தொல்லைதான். ஆனால் அந்தத் தொல்லையிலிருந்து தப்பிக்கச் சிப்பாய் ஆட்டத்துக்குள் நுழைவதானால், நுழையுமுன் அதைக் கடைசிவரை எண்ணியிருக்க வேண்டும். சிப்பாய் ஆட்டத்தில் “ஏறக்குறைய சமம்” என்ற நிலையே கிடையாது; ஒன்று வெற்றி, இல்லையேல் டிரா, இல்லையேல் தோல்வி.

இது நம்மைப் போன்றவர்களுக்கு மட்டும் நேர்வதல்ல. 2024 டிசம்பர் 12-இல் சிங்கப்பூரில் உலகப் பட்டத்துக்கான 14-ஆவது ஆட்டத்தில் அப்போதைய சாம்பியன் டிங் லிரென் ஒரு சிப்பாய் குறைவாக, ஆனால் தாக்குப்பிடிக்கக்கூடிய நிலையில்தான் இருந்தார். 55. யா எஃப்2 என்று யானை வெட்டுக்கு அழைத்தார். குகேஷ் யானையை வெட்டினார், அடுத்த நகர்த்தலில் மந்திரியை டி5-இல் வைத்து அதையும் வெட்டிக்கொள்ள வைத்தார். மிஞ்சிய சிப்பாய் ஆட்டம் கருப்புக்கு வெற்றி. 58-ஆவது நகர்த்தலில் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். 18 வயதில் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனார். சென்னைப் பையன் வென்ற மகிழ்ச்சியில் நாம் அந்தத் தருணத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். அந்த நான்கு நகர்த்தல்களை ஒருமுறை பலகையில் வைத்துப் பாருங்கள்; கடைசி யானையை வெட்டும் முன் எவ்வளவு எண்ண வேண்டும் என்பது விளங்கும்.

ஓய்வுபெற்ற நடுவர் (சிவாஜிநகர்)

ஒரு சிறு குறிப்பு மட்டும். “பலகை முன் எண்ணுவது எவ்வாறு” என்று கேட்டிருப்பதால் சொல்கிறேன்: எண்ணிக்கையை நகர்த்தல் தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ளும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகளின்படி அந்தத் தாளில் நகர்த்தல்களையும், கடிகார நேரத்தையும், டிரா கேட்டதையும், முறையீடு தொடர்பானவற்றையும் மட்டுமே எழுதலாம். ஆடும் முன்பே நகர்த்தலை எழுதிப் பார்ப்பதும் கூடாது. ஒரே நிலை மூன்று முறை வந்தது என்றோ 50 நகர்த்தல் விதியின்படியோ டிரா கோரும்போது மட்டும் அதற்கு விலக்கு உண்டு. நகர்த்தலுக்கு 30 விநாடி கூடும் ஆட்டத்தில் கடைசிவரை எழுதிக்கொண்டே ஆட வேண்டும் என்பதால், அந்த 30 விநாடியில் எழுதும் நேரமும் அடங்கும். ஆகவே இந்தக் கணக்கை யானை வெட்டுக்கு முன்பே, கையில் நேரம் இருக்கும்போதே மனத்தில் முடித்துவிடுங்கள்; வெட்டிய பிறகு எண்ணத் தொடங்கினால் நேரம் போதாது.

ஏரிக்கரை64

மூவருக்கும் மிக்க நன்றி. 50-ஆவது நகர்த்தலில் இரண்டு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எல்லாம் தெளிவாகிவிட்டது. என் எதிராளிக்கும் அனுப்பினேன்; 49... ரா டி6-க்கு எஃப்5 தான் பதில் என்பதை அவர் தானாகவே கண்டுபிடித்துவிட்டதாக எழுதியிருக்கிறார்.

இப்போது புதிதாக ஓர் ஐயம். எஃப் சிப்பாய் இரை என்றால், அது ஏ வரிசையிலிருந்து இன்னும் தள்ளி, ஜி4-இல் இருந்திருந்தால் வெள்ளைக்கு இன்னும் எளிதாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? வெள்ளை ராஜா எஃப்4, சிப்பாய்கள் ஏ4, ஜி4. கருப்பு ராஜா எஃப்6, சிப்பாய் ஏ5 என்று வைத்து, வெள்ளை முதலில் நகர்த்துவதாக ஆடிப் பார்த்தேன். வெல்ல முடியவில்லை. எங்கே தவறுகிறேன்?

பழைய மந்திரி (மல்லேஸ்வரம்)

நீங்கள் தவறவில்லை, அது டிரா நிலைதான். ரா இ4 ரா ஜி5, ரா டி5 ரா×ஜி4, ரா சி5 ரா எஃப்5, ரா பி5 ரா இ6, ரா×ஏ5 ரா டி7. வெள்ளை ஏ5-இல் வெட்டும்போது கருப்பு ராஜா இ6-இல், முறை கருப்புக்கு. முன்னர் சொன்னபடி இது டிரா. இரை ஒரு வரிசை தள்ளிப் போனால் இரண்டு ராஜாக்களுமே கூட நடக்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம்: கருப்புக்குத் திரும்பி வரும் வழி நீள்வதைப் போலவே, வெள்ளை ராஜாவும் எஃப்4-இலிருந்து புறப்படுவதால் அதற்கும் ஏ5 ஒரு கட்டம் தள்ளிப் போகிறது. அந்தக் கூடுதல் தூரத்தை ஈடுகட்டச் சிப்பாய் இன்னும் ஒரு வரிசை பின்னால், ஜி3-இல், இருந்திருக்க வேண்டும். வெள்ளை ராஜா எஃப்3, சிப்பாய் ஜி3, கருப்பு ராஜா எஃப்5 என்று வைத்து ஆடுங்கள்: ரா இ3 ரா ஜி4, ரா டி4 ரா×ஜி3, ரா சி5 ரா எஃப்4, ரா பி5 ரா இ5, ரா×ஏ5. கருப்பு ராஜா இ5-இல் அகப்பட்டுக்கொண்டது, வெள்ளை வெல்லும்.

இந்த எல்லைக்கோட்டை ஜெர்மானியரான வால்டர் பேர் ஒரு விதியாக வகுத்து வைத்திருக்கிறார். இறுதியாட்டம் படிப்பவர்கள் அதைப் பேர் விதி என்பார்கள். ஏ4, ஏ5 சிப்பாய்கள் முட்டி நிற்கையில், கருப்பின் ஏ5-இலிருந்து மூலைவிட்டமாக மேலே ஏறி சி7 வரை மனத்தில் ஒரு கோடு இழுங்கள். அங்கிருந்து அது திரும்பி டி6, இ5, எஃப்4, ஜி3, ஹெச்2 என்று கீழே இறங்கட்டும். வெள்ளையின் கடந்த சிப்பாய் இந்தக் கோட்டின் மேலோ அதற்குப் பின்னாலோ இருந்தால் வெள்ளை வெல்லும். கோட்டைத் தாண்டி முன்னே போயிருந்தால் டிரா. எஃப்4 சரியாகக் கோட்டின் மேல் இருந்தது; எஃப்5 அதைத் தாண்டியது. இப்போது நீங்கள் கேட்ட ஜி4-உம் தாண்டியதுதான். முட்டி நிற்பவை ஏ3, ஏ4 ஆக இருந்தால் கோடு முழுவதும் ஒரு வரிசை கீழே இறங்கும்.

விதியைப் பயன்படுத்தும் முன் ராஜாக்கள் நிற்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். வெள்ளை ராஜா தன் கடந்த சிப்பாயின் பக்கத்துக் கட்டத்திலும், கருப்பு ராஜா ஒரு கட்டம் விட்டு அதற்கு நேர் எதிரிலும் நிற்கும் நிலைக்கான விதி இது. உங்கள் ஆட்டத்தில் 48-ஆவது நகர்த்தலுக்குப் பின் இ4, இ6 என்று நின்றது போல. கருப்பு ராஜா ஏற்கெனவே ஏ பக்கமாக ஒதுங்கி நின்றால் கோட்டை நம்பாமல் கட்டங்களை எண்ணித்தான் ஆக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஏ வரிசையில் வெள்ளைச் சிப்பாய் நடுக்கோட்டைத் தாண்டி ஏ5-இலும், கருப்புச் சிப்பாய் ஏ6-இலும் முட்டி நின்றால் கோடே தேவையில்லை. கடந்த சிப்பாய் எங்கே இருந்தாலும் வெள்ளை வெல்லும். ராஜா ஏ6-இல் வெட்டியவுடன் அடுத்த நகர்த்தலிலேயே பி7-க்கு வந்துவிடுவதால் கருப்புக்கு மூலை கிடைப்பதே இல்லை. ஆகவே ஒரு சிப்பாய் குறைவாக யானை ஆட்டம் ஆடும்போது உங்கள் ஏ சிப்பாய் ஏ6-இல் நிற்கிறதா, ஏ5-இல் நிற்கிறதா என்பதை யானை வெட்டைப் பற்றி யோசிக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். அது ஏ6-இல் இருந்து வெள்ளைச் சிப்பாய் ஏ4-இல் இருந்தால், எதிராளி ஏ5 தள்ளிப் பூட்டுவதற்குள் நீங்களே ஏ5 ஆடிவிடுவது பெரும்பாலும் நல்லது.